பானையை மாட்டும் முன்

ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸுக்கு எவ்வளவு பெரிய கூண்டு வேண்டும் என்ற கேள்வி அளவுநாடாவோடு முடிந்துவிடும் என்றுதான் தோன்றும். கடைக்காரர் ஓர் அளவு சொல்வார், ஏற்கெனவே வளர்க்கிறவர் இன்னோர் அளவு சொல்வார், பால்கனியில் மிச்சமிருக்கும் இடம் மூன்றாவது அளவைச் சொல்லும். பெரும்பாலும் மூன்றாவதே வெல்லும். ஆனால் அந்த ஜோடி குஞ்சு பொரிக்க வேண்டும் என்று ஒருவர் ஆசைப்பட்டவுடன் கேள்வியே வேறாகிவிடுகிறது. இருக்கிற உயிரை எங்கே வைப்பது என்பது ஒன்று. இனிமேல்தான் பிறக்கப்போகிற உயிருக்கு எந்த உலகத்தை ஒதுக்குவது என்பது இன்னொன்று. கூண்டில் கிளி வளர்ப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் நியாயங்கள் முதல் கேள்விக்குச் செல்லும். இரண்டாவதற்கு அவற்றில் அநேகமாக எதுவுமே செல்லாது. கூண்டே கூடாது என்று வாதிடுவது என் நோக்கமில்லை. குஞ்சு பொரிக்க வைப்பவரின் கடன், வெறுமனே வளர்ப்பவரின் கடனைவிடப் பல மடங்கு பெரிது. கூண்டின் அளவை அந்தக் கடனை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது.

முதலில் பறவையைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கப்படுவது பெரும்பாலும் பட்ஜரிகர் என்னும் சிறு கிளி. ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நிலம் அதன் சொந்த ஊர். தண்ணீரையும் புல்விதையையும் தேடிப் பெருங்கூட்டமாக இடம் மாறிக்கொண்டே இருப்பது அதன் பிழைப்பு. ஜான் கூல்ட் என்ற ஆங்கிலேயப் பறவையியலாளர் 1840இல் இந்தக் கிளிகளை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். இன்று பல்லாவரம் வெள்ளிச் சந்தையில் கிடைக்கிற கிளி, தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்தவற்றின் வாரிசு. காட்டில் பச்சையும் மஞ்சளுமாக இருந்த பறவையை மனிதர் பொறுக்கிப் பொறுக்கி இணை சேர்த்து நீலமாகவும் வெள்ளையாகவும் ஆக்கியிருக்கிறார்கள். சிறகின் கணக்கு மட்டும் அவ்வளவாக மாறவில்லை: முப்பது நாற்பது கிராம் எடையுள்ள, 18 செ.மீ. நீளமுள்ள இந்தப் பறவை இறக்கையை விரித்தால் சுமார் 30 செ.மீ., அதாவது ஓர் அடி. ஒரு ஜோடிக்கு ஒன்றரை அடிச் சதுரக் கூண்டு போதும் என்பது பரவலாகப் புழங்குகிற கணக்கு. விரித்த இறக்கைக்கே ஓர் அடி போனால் மிச்சம் அரை அடி; அதற்குள் நடப்பது பறத்தல் ஆகாது, குச்சிக்குக் குச்சி தாவுதல். இந்தக் கிளி குறுக்குவாட்டில் பறப்பது, நின்ற இடத்திலிருந்து செங்குத்தாக எழும்பாது. ஆகவே உயரமும் ஒடுக்கமுமான கூண்டுகளும், தலையில் கலசம் வைத்த வட்டக் கூண்டுகளும் நம் வரவேற்பறையை உத்தேசித்துச் செய்யப்பட்டவை. வட்டக் கூண்டில் பயந்துபோன பறவை ஒதுங்குவதற்கு ஒரு மூலைகூடக் கிடையாது. நீளந்தான் முக்கியம்: ஜோடிக்கு மூன்றடியாவது வேண்டும். கம்பிகளுக்கு நடுவே அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் குஞ்சின் தலை மாட்டிக்கொள்ளும். துத்தநாகம் பூசிய மலிவான கம்பிவலையைக் கொறித்து உடம்பில் நஞ்சேறுவதும் கூண்டுக்கிளிகளுக்கு நேர்கிற ஒன்று. இவ்வளவையும் சரியாகச் செய்தால் நல்ல கூண்டு அமையும். ஜோடிக்கு நல்ல கூண்டு, அவ்வளவுதான்; பிறக்கப்போகிற குஞ்சுகளைப் பற்றி இந்தக் கணக்கு இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அவை கணக்குக்குள் வருவது கூண்டில் சிறு மண்பானையோ மரப்பெட்டியோ மாட்டப்படுகிறபோது. காட்டில் இந்தக் கிளிகள் மழை பெய்து புல் விதை பிடித்த பிறகு யூகலிப்டஸ் மரப்பொந்துகளில் முட்டையிடும். மழை பொய்த்தால் இனப்பெருக்கத்தைத் தள்ளிப்போடும். கூண்டிலோ தினை வருடம் முழுக்கக் கொட்டிக் கிடக்கிறது, தண்ணீர் குறைவதே இல்லை. பறவையின் உடம்பைப் பொறுத்தவரை அது ஓயாத மழைக்காலம். இல்லாதது ஓர் இருட்டுப் பொந்து மட்டும். பானை அந்தக் குறையைத் தீர்க்கிறது. பெட்டை ஒரு நாள் விட்டு ஒரு நாளாக நான்கு முதல் ஆறு முட்டைகள் இடும், சுமார் 18 நாள் அடைகாக்கும். முட்டைகள் ஒரே நாளில் பொரியாமல் ஒன்றன்பின் ஒன்றாகப் பொரியும். ஏறக்குறைய ஐந்து வாரத்தில் குஞ்சுகள் பானையை விட்டு வெளியே வரும். அதற்குள் பெட்டை அடுத்த ஈட்டுக்குத் தயாராகிவிட்டால் மூத்த குஞ்சுகளையே கொத்தி விரட்டும். பானை அங்கேயே இருந்தால் முட்டையிட்டுக்கொண்டே போகும். உடம்பிலுள்ள சுண்ணாம்புச் சத்து வற்றி, முட்டை வெளியே வராமல் சிக்கி இறந்தும் போகும். அதனால்தான் தெரிந்தவர்கள் இரண்டு ஈடு முடிந்ததும் பானையைக் கழற்றிவிடுகிறார்கள். அப்படி நிதானமாக நடந்துகொள்கிறவரையே எடுத்துக்கொள்வோம். ஈட்டுக்கு ஐந்து வீதம் வருடத்துக்குப் பத்துக் குஞ்சு. ஒவ்வொன்றும் ஏழு வருடம் வாழ்வதாக வைத்தால், ஓராண்டு பானை மாட்டியதன் விளைவு எழுபது ஆண்டு வாழ்க்கை. அந்த எழுபது ஆண்டும் யாரோ ஒருவருடைய கூண்டில்தான் கழிய வேண்டும்.

கூண்டுக்குச் சொல்லப்படும் நியாயங்களில் வலுவானது இது: கூண்டில் பிறந்த கிளியைத் திறந்துவிடுவது அதைக் கொல்வதற்குச் சமம். மறுக்க முடியாத உண்மை. சென்னையிலோ மதுரையிலோ பறக்கவிட்ட பட்ஜரிகரைக் காகங்கள் துரத்தும், வல்லூறு அடிக்கும், இரை எங்கே கிடைக்கும் என்று அதற்குத் தெரியாது. ஆகவே கையில் இருக்கும் கிளியைப் பெரிய கூண்டில் வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்வது கருணைதான். ஆனால் இந்த வாதத்தை யார் சொல்லலாம் என்று பாருங்கள். ஏற்கெனவே பிறந்துவிட்ட கிளியை வைத்திருப்பவர் சொல்லலாம். பானை மாட்டுகிறவர் சொல்ல முடியாது. வெளியே போனால் பிழைக்க முடியாத ஓர் உயிரை அவரே உண்டாக்குகிறார், பிறகு அதற்கு வெளியே பிழைப்பில்லை என்பதைக் காரணம் காட்டுகிறார். குழியை வெட்டித் தள்ளிவிட்டு, ஏணி இறக்கியதைப் புண்ணியக் கணக்கில் எழுதிக்கொள்வதற்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை.

அடைத்து வைப்பதைப் பற்றிச் சமய மரபுகள் யோசிக்காமல் இல்லை. மிகத் துல்லியமாக யோசித்தவர்கள் சமணர்கள். உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் ஏழாம் அத்தியாயத்தில், கொல்லாமை விரதம் பூண்ட இல்லறத்தாருக்கு நேரும் ஐந்து பிழைகளைச் சொல்கிறது: கட்டுதல், அடித்தல், உறுப்பை அறுத்தல், அளவுக்கு மீறிச் சுமையேற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். கட்டுதல் இங்கே தனிப் பிழையாக, அதுவும் முதலாவதாக நிற்கிறது. சர்வார்த்தசித்தி என்னும் உரையில் பூஜ்யபாதர் அதற்குத் தரும் விளக்கம், ஓர் உயிர் தான் விரும்பிய இடத்துக்குப் போவதைத் தடுப்பது என்பது. வலி வேண்டும், பட்டினி வேண்டும், காயம் வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் இல்லை. வேளாவேளைக்குத் தினையும் கணவாய் ஓடும் வைத்துவிட்டேன் என்பது ஐந்தாவது பிழைக்குத்தான் பதில். முதலாவது அப்படியே நிற்கும். இஸ்லாமிய மரபு இவ்வளவு கண்டிப்புக் காட்டவில்லை. அபூ உமைர் என்ற சிறுவன் வளர்த்த குருவியைப் பற்றி நபிகள் பரிவோடு விசாரித்த செய்தியிலிருந்து, பறவையை அடைத்து வளர்க்கலாம் என்று இப்னு ஹஜர் அல்-அஸ்கலானீ போன்ற அறிஞர்கள் கொண்டார்கள். ஆனால் அதே நபிமொழித் தொகுப்புகளில் பூனையை அடைத்துவைத்துச் சாகவிட்ட பெண்ணின் செய்தியும் இருக்கிறது. அவள் மீது வைக்கப்படும் குற்றச்சாட்டில் இரண்டு பகுதி உண்டு: தானும் உணவு தரவில்லை, வெளியே போய்த் தேடித் தின்னவும் விடவில்லை. அடைத்துவைப்பவர் அந்த உயிர் தானே தேடிக்கொள்ளக்கூடிய எல்லாவற்றுக்கும் பொறுப்பாளி ஆகிறார் என்பதே இதிலிருந்து கிடைக்கும் நியதி. பறவை தானே தேடிக்கொள்ளக்கூடியவற்றில் உணவு ஒன்று. பறக்கும் தூரம் இன்னொன்று. துணை மூன்றாவது.

நம் கோயில்களிலும் கிளிக்கு இடம் உண்டே என்று கேட்கலாம். மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் கிளிக்கூட்டு மண்டபம் என்றே ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே கூண்டுகளில் கிளி வளர்த்து அம்மன் பெயரைச் சொல்லப் பழக்கினார்கள். இன்று மண்டபம் இருக்கிறது, கிளிகள் இல்லை. அதனால் அம்மனுக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை, அவள் கையிலிருக்கும் கிளிக்கும் கூண்டு கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் கைக்கிளியை அன்றன்றைக்கு இலைகளாலும் மாதுளம் பூவாலும் செய்கிறார்கள். கிளியின் மீது நம் சமயம் வைத்திருக்கும் பிரியத்துக்குச் சிறைப்பட்ட கிளி அவசியமில்லை என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

இனி மறுப்புகளுக்கு வருவோம். கூண்டில் பிறந்ததற்கு வானமே தெரியாது, தெரியாததற்கு எப்படி ஏங்கும் என்பது ஒன்று. ஆஸ்திரேலியச் சமவெளியை நினைத்து அது ஏங்குவதாகச் சொன்னால் அது நம்முடைய கவிதை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெளிச்சத்தையே சரியாகப் பார்த்திராத குஞ்சு பானைக்குள் இருந்தபடியே சிறகடித்துப் பழகுகிறது. யாரும் அதற்குச் சொல்லித் தரவில்லை. மார்புத் தசையும், உடம்பெங்கும் பரவிய காற்றுப் பைகளும் பறப்பதற்கென்றே அமைந்தவை. பயன்படாத உடம்பு கொழுப்புக் கட்டியாகவும் ஈரல் நோயாகவும் திருப்பிக் கொடுக்கிறது. தெரியாத ஒன்று மனத்தை வருத்தாமல் போகலாம், உடம்பைக் கெடுக்காமல் விடாது. மனமும் சின்னதல்ல. 2019இல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வில், பெண் பட்ஜரிகர்கள் முதலில் ஒதுக்கிய ஆண், மூடிய பெட்டியைத் திறந்து இரை எடுப்பதைக் கண்ட பிறகு அதன் பக்கம் சாய்ந்தன. ஜோடி சேர்ந்தபின் ஆண் தன் துணையின் குரலைக் கேட்டுக் கற்று அதே குரலில் அழைப்பதும் ஆய்வுகளில் தெரிந்த செய்தி. பார்த்து, மதிப்பிட்டு, தேர்ந்தெடுக்கும் ஒரு பெண்ணிடம் நிறம் நன்றாக வரும் என்பதற்காக ஓர் ஆணைக் கொண்டுவந்து சிறு கூண்டில் சேர்த்து அடைக்கிறோம். கூண்டின் அளவைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள்கூட இதைப் பற்றிக் கவலைப்பட்டு நான் அதிகம் படித்ததில்லை.

இரண்டாவது மறுப்பு கூர்மையானது. பானை மாட்டாவிட்டால் அந்தக் குஞ்சு பிறந்தே இருக்காது. இல்லாமல் போவதைவிடக் கூண்டில் இருப்பது மேல் அல்லவா, யாருக்கு நான் என்ன கெடுதல் செய்தேன்? டெரக் பார்ஃபிட் 1984இல் எழுதிய நூலில் மனிதப் பிறப்பை வைத்து எழுப்பிய புதிரும் இதுவே: ஒருவரை உண்டாக்கிய செயலால் அந்த ஒருவருக்கே தீங்கு நேர்ந்தது என்று எப்படிச் சொல்வது? மேற்கத்திய மெய்யியல் இன்னமும் இதோடு மல்லுக்கட்டுகிறது. எனக்குப் படுவது இவ்வளவே: பிறக்காத குஞ்சுக்குப் பிறக்கும் உரிமை என்று ஒன்று கிடையாது, அது பிறக்கவில்லையே என்று வருந்துகிறவரும் எவருமில்லை. பிறந்துவிட்ட குஞ்சுக்கோ உரிமை உண்டு. ஆகவே உண்டாக்கியதற்கு நன்றி எதிர்பார்க்க முடியாது, உண்டாக்கிய பின் கடன் மட்டும் ஏறும். பிறப்பைக் கொடையாக எண்ணினால், இல்லாமையைவிட ஒரு மயிரிழை மேலான எந்த வாழ்க்கையையும் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்றாகிவிடும். முட்டைக் கோழியைத் தாள் அளவு கம்பிக் கூண்டில் அடைப்பவரும் அதே வாதத்தைச் சொல்லிக்கொள்ளலாம்.

மறுபிறப்பை நம்பும் மரபுகளுக்கு இந்தப் புதிரே எழாது என்பதும் கவனிக்க வேண்டியது. சைவரோ வைணவரோ சமணரோ, உயிர் தன் வினைக்கேற்ப எங்காவது பிறந்தே தீரும் என்பார்கள். அப்படியானால் குஞ்சு பொரிக்க வைத்தவர் உயிரைக் கொடுத்தவர் ஆகமாட்டார். வருகிற உயிருக்கு இடம் கொடுத்தவர் மட்டுமே. இடத்தின் தரத்துக்கு அவரே பொறுப்பு. உடனே இன்னொரு குரல் எழும்: கூண்டில் வந்து பிறந்ததும் அதன் வினைதானே? இந்தச் சாக்கைத் தமிழ் மரபு சிலப்பதிகாரத்திலேயே ஒழித்துவிட்டது. கோவலன் கொலையுண்டதற்குக் காரணம் முற்பிறவியில் அவன் சங்கமன் என்ற வணிகனைக் காட்டிக்கொடுத்துக் கொல்வித்தது என்று மதுரையின் காவல் தெய்வமே கண்ணகியிடம் விளக்குகிறது. பட்டவன் வினை அவ்வளவு தெளிவாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அதனால் பாண்டியன் குற்றமற்றவன் ஆகிவிடவில்லை. தவறாகத் தீர்ப்பளித்தவன் தானே என்று உணர்ந்த கணத்தில் அவன் அரியணையிலேயே விழுந்து இறந்தான். துன்பப்படுகிறவரின் ஊழ், துன்பம் செய்தவரின் கணக்கைத் தீர்த்துவைக்காது. காப்பியத்தின் நியாயம் அதுதான். அரசனுக்குச் செல்லாத சாக்கு, பானை மாட்டும் நமக்குச் செல்லுமா?

மூன்றாவதாகச் சொல்லப்படுவது பாதுகாப்பு. காட்டில் வறட்சியிலும் கடும் வெயிலிலும் இந்தக் கிளிகள் ஆயிரக்கணக்கில் மடிவதுண்டு, வல்லூறுக்கும் பாம்புக்கும் இரையாவதுண்டு. கூண்டில் அந்த அபாயம் இல்லை. உண்மை, ஆனால் கூண்டுக்குஞ்சு எந்த வல்லூறிடமிருந்தும் மீட்கப்பட்டதல்ல. காட்டுப் பறவைக்கு வாய்க்கும் ஆபத்தோடு ஒப்பிட்டுக் காட்டுப் பறவை அல்லாத ஒன்றுக்கு நாம் செய்த நன்மையை அளக்கிறோம். இனம் அழியாமல் காக்கிறோம் என்று சொல்வதற்கும் வழியில்லை: ஆஸ்திரேலியாவில் பட்ஜரிகர் இன்றும் ஏராளமாக இருக்கிறது, அழியும் இனங்களின் பட்டியலில் அது இல்லை. பிரேசிலின் ஸ்பிக்ஸ் மக்காவின் கதை வேறு. காட்டில் முற்றிலும் அழிந்துவிட்ட அந்தக் கிளி, கூண்டில் வளர்த்ததால் மட்டுமே மிஞ்சி 2022இல் மறுபடி காட்டில் விடப்பட்டது. அங்கே கூண்டு ஒரு வழி. நம் பால்கனிக் கூண்டு எங்கும் கொண்டுபோய்விடாது.

சட்டம் அனுமதிக்கிறதே என்பதையும் பார்த்துவிடலாம். நம் ஊர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், பட்ஜரிகரை வைத்திருப்பது குற்றமில்லை. அந்தச் சட்டம் நம் காட்டைக் காக்க வந்தது, தனிப் பறவையின் சுகத்தைக் கேட்க வந்ததல்ல. தனிப் பறவையைப் பற்றிப் பேசுவது அதைவிடப் பழைய, அதிகம் மறக்கப்பட்ட 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம். நீளம், அகலம், உயரத்தில் போதிய அளவில்லாமல் நியாயமான நடமாட்டத்துக்கு இடந்தராத கூண்டில் எந்த விலங்கை அடைப்பதும் அதன் 11ஆம் பிரிவின்படி வதை. பறவைக்கு நடமாட்டம் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. 2015இல் டெல்லி உயர் நீதிமன்றம் பறவைகளுக்குப் பறக்கும் உரிமை உண்டு என்று சொன்னது. விலங்குகளுக்கு அடிப்படை உரிமை உண்டு என்று அரசமைப்பு ஏற்றதாக முன்தீர்ப்பு எதுவும் இல்லை என்று 2023இல் ஜல்லிக்கட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டது. நீதிமன்றங்கள் இழுபறியில் இருக்கட்டும். நியாயமான நடமாட்டம் என்ற 1960ஆம் ஆண்டு வாசகமே ஒன்றரை அடிக் கூண்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப் போதுமானது.

ஜோடிகளைத் தனித்தனியாக அடைப்பதற்கு வளர்ப்பவர்கள் சொல்லும் காரணம் நியாயமானது: பெட்டைகள் பானைக்காகச் சண்டையிட்டு ஒன்றின் குஞ்சை ஒன்று கொல்லும். ஆகவே அடைகாக்கும் காலத்துக்குத் தனிக் கூண்டு தேவைதான். பிற கிளிகளின் குரல் கேட்கும் தூரத்தில் அது இருக்க வேண்டும். ஆணின் பாடல் பெட்டையின் உடலையே இனப்பெருக்கத்துக்குத் தயார்ப்படுத்துகிறது என்பதை 1960களின் ஆய்வுகள் காட்டின. ஆனால் தனிக் கூண்டு அந்த இரண்டு மூன்று மாதத்துக்கானது, வாழ்நாளுக்கானதல்ல. வருடத்தின் மிச்சப் பொழுதுக்கும், பானையை விட்டு வெளியே வரும் குஞ்சுகளுக்கும், ஆறேழடி நீளமுள்ள பொதுக் கூண்டு ஒன்று வேண்டும். அங்கே பறந்து, பழகி, தன் துணையைத் தானே தேடிக்கொண்ட ஜோடிக்கே பானை என்பது முறை. யாருக்குக் கொடுக்கப்போகிறோம், அவர் வீட்டுக் கூண்டு எப்படி இருக்கும் என்று தெரியாத குஞ்சைப் பொரிக்க வைப்பது கடனை வாங்கிக்கொண்டு முகவரியை மறைப்பது. இத்தனை செய்ய முடியாதவர்கள் இருப்பார்கள், அதில் வெட்கமும் இல்லை. அவர்களிடம் கேட்பது ஒன்றே: கூண்டு வாங்குங்கள், பானை வாங்காதீர்கள். பொந்து கிடைக்காத ஜோடிகளில் பெரும்பாலானவை முட்டையிடுவதில்லை. அதனால் அவற்றின் உடம்புக்கு ஒரு கேடும் இல்லை.